வண்டியை யாரிடம் ஒப்படைப்பது? எல்லையோர வாடிக்கையாளர்களுக்குச் சில விளக்கங்கள்

எங்கள் கிளை பாறசாலை வட்டாரத்தில் அமைந்துள்ளது. தேசிய நெடுஞ்சாலை 66 வழியாகத் தெற்கே சிறிது தூரம் சென்றால் இஞ்சிவிளை. அதைக் கடந்தால் களியக்காவிளை, தமிழ்நாடு. வாகனக் கடன் பெற வருவோரிடம் வட்டி விகிதம், தவணைக் காலம், காப்பீடு முதலியவற்றை நாங்கள் விரிவாக விளக்குகிறோம். ஆனால் கடன் பெற்ற பின்னர் அவர்கள் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி வேறொன்று: "நல்ல ஒர்க்‌ஷாப் ஏதாவது தெரியுமா?"

எந்தப் பட்டறையின் பெயரையும் பரிந்துரைப்பது வங்கி அலுவலர்களுக்கு முறையன்று. எனவே பல ஆண்டுகளாக இக்கேள்விக்குப் புன்னகையையே விடையாக அளித்து வந்தோம். சென்ற தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி, அந்தப் புன்னகை போதாது என்பதை எங்களுக்கு உணர்த்தியது.

விமான நிலையத்திற்குச் சவாரி ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிளையில் கடன் பெற்றுக் கார் வாங்கியிருந்தார். ஓட்டுநரும் உரிமையாளரும் அவரே. வெள்ளறடைப் பக்கத்து ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியதால், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பகுதியில் இருந்த ஒரு பட்டறையில் வண்டியை விட்டார். மூன்று நாளில் முடியும், பன்னிரண்டாயிரம் ஆகும் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. வண்டி 26 நாள்கள் அங்கே நின்றது. இறுதியில் ஒரு வெள்ளைத் தாளில் 31,500 ரூபாய் என்று எழுதித் தந்தார்கள். கிளட்ச் செட்டுடன், அவர் கேட்டிராத ஸ்டீயரிங் வேலையும் அதில் சேர்ந்திருந்தது. பணம் தராமல் வண்டி வெளியே வராது என்பது பட்டறையின் நிலை. அதற்குள் ஒரு தவணை தவறியிருந்தது, அடுத்தது நெருங்கிக்கொண்டிருந்தது. "சாரே, வண்டி ஓடினால்தானே தவணை? வண்டி அங்கே கிடந்தால் நான் எங்கே போக?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் உடனடி விடை இல்லை. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து நகைக்கடன் பெற்று வண்டியை மீட்டார். அந்தக் கடனையும் நாங்களே வழங்கினோம் என்பதைச் சற்று மனவருத்தத்துடனேயே இங்குக் குறிப்பிடுகிறோம்.

இந்த இழப்பு எந்தெந்த இடத்தில் தடுக்கப்பட்டிருக்கலாம் என்று பின்னர் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டவையே இக்கட்டுரை.

இரு மாநிலங்கள், ஒரே சாலை

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டிற்குச் சென்றது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு அன்று பிரிந்தாலும் புழக்கம் பிரியவில்லை. கேஎல்-19 என்ற பாறசாலைப் பதிவெண்ணும் கேஎல்-20 என்ற நெய்யாற்றின்கரைப் பதிவெண்ணும் கொண்ட கார்கள் மார்த்தாண்டத்தில் பழுது நீக்கப்படுகின்றன. டிஎன்-75 கார்கள் உதியன்குளங்கரைக்கும் அமரவிளைக்கும் வருகின்றன. பழுது பார்ப்பதற்காக வண்டியை மறு மாநிலத்திற்கு எடுத்துச் செல்ல எந்த அனுமதியும் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 47-ஆவது பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டி வைத்திருக்கப்பட்டால் மட்டுமே புதிய பதிவெண் பெறச் சொல்கிறது. மூன்று நாள் கிளட்ச் வேலைக்கு அது பொருந்தாது. இருப்பினும் இந்த ஐயத்தை எங்களிடம் பலர் எழுப்பியதுண்டு.

அப்பால் சென்றால் வரி குறையும் என்பது இன்னொரு நம்பிக்கை. சரக்கு மற்றும் சேவை வரி விகிதம் இரு மாநிலங்களிலும் ஒன்றே. 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை முடிய இரண்டாண்டுகள் கேரளத்தில் ஒரு விழுக்காடு வெள்ள மேல்வரி நடப்பில் இருந்தது. அக்காலத்தில் எல்லை கடந்தவருக்குச் சிறிதளவு மிச்சம் உண்மையிலேயே கிடைத்திருக்கும். இப்போது அதுவும் இல்லை. எனவே பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது மாநிலத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பட்டறையைப் பார்த்தால் போதும்.

மொழி பற்றியும் ஒரு சொல். இப்பகுதியில் பேச்சில் தமிழும் மலையாளமும் தடையின்றிக் கலக்கின்றன. எழுத்தில் அவ்வாறு இல்லை. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் மலையாளக் கையெழுத்தில் உள்ள ஜாப் கார்டிலும், மலையாளம் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் தமிழில் உள்ளதிலும் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். வங்கியில் கடன் பத்திரத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்குமாறு கேட்க உங்களுக்கு உரிமை உண்டல்லவா? பட்டறையிலும் அவ்வாறே கேளுங்கள்.

சிறிய வேலையில் தொடங்குங்கள்

வண்டி நடுவழியில் நின்ற பிறகு பட்டறை தேடுபவருக்குத் தேர்வு என்று ஒன்று இருப்பதில்லை. கயிறு கட்டி இழுத்துச் செல்லும் இடமே அவருடைய பட்டறையாகிவிடுகிறது. ஆகவே வண்டி நன்றாக ஓடும்போதே ஆயில் மாற்றுதல், பிரேக் பேட் பரிசோதித்தல் போன்ற சிறிய வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது சிறந்தது. நாங்கள் ஒரு புதிய வணிகருக்குத் தொடக்கத்திலேயே பெருந்தொகை வழங்குவதில்லை. சிறிய வரம்பு அளித்து, கணக்கு நடக்கும் முறையைப் பார்த்த பின்பே உயர்த்துகிறோம். அதே அணுகுமுறை இங்கும் பயன் தரும்.

அந்தச் சிறிய வேலையின்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். பூவார், பொழியூர், கொல்லங்கோடு போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு அடியில் துரு விரைவில் பிடிக்கும். அம்பூரி, வெள்ளறடை போன்ற மலைச்சரிவுப் பகுதிகளில் ஓடும் வண்டிகளுக்குக் கிளட்சும் பிரேக்கும் விரைவில் தேயும். உங்கள் வண்டி எங்கே நிற்கிறது, எந்தச் சாலையில் ஓடுகிறது என்று கேட்கும் மெக்கானிக், வேலை தெரிந்தவராக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. எதையும் கேட்காமல் போனட்டைத் திறந்தவுடன் பெரிய தொகை சொல்பவரிடம் சற்று நிதானிப்பது நல்லது. புதிய கார்களில் ஸ்கேனர் பொருத்தி எச்சரிக்கை விளக்கை அணைத்துவிடுவது எளிது. அந்த விளக்கு எதனால் எரிந்தது என்பதைக் கண்டறிவதே வேலை. ஸ்கேனர் காட்டிய பிழைக் குறியீட்டைக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

'இந்த வேலை இப்போது வேண்டாம், இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம்' என்று ஒரு பட்டறை உங்களிடம் சொன்னால், அதன் தொலைபேசி எண்ணைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். தனக்கு வரவேண்டிய வருமானத்தைத் தானே மறுப்பவர் அரிது.

எழுதி வாங்குவதன் சட்டப் பொருள்

எங்களுள் வணிகவியல் படித்தவர்கள், வணிகச் சட்டப் பாடத்தில் 'ஒப்படைப்பு' என்ற அத்தியாயத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறது. பழுது பார்க்க ஒரு பொருளைக் கொடுப்பது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி ஓர் ஒப்படைப்பு. 151-ஆவது பிரிவு, பெற்றவர் அப்பொருளைச் சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போல் காக்க வேண்டும் என்கிறது. 170-ஆவது பிரிவு மறுபக்கத்தைச் சொல்கிறது: உழைப்போ திறமையோ செலவிட்டவர், உரிய கூலி கிடைக்கும் வரை அப்பொருளைத் தம்மிடம் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். பட்டை தீட்டுவதற்காக நகைத் தொழிலாளியிடம் கொடுக்கப்பட்ட வைரத்தைச் சட்டமே எடுத்துக்காட்டாகத் தருகிறது. வைரத்தின் இடத்தில் கார் நின்றாலும் விதி மாறாது.

அதாவது, மேற்சொன்ன வாடிக்கையாளரின் வண்டியை நிறுத்தி வைத்தது முழுவதும் சட்டத்திற்குப் புறம்பானது என்று சொல்லிவிட முடியாது. கேள்வி, 'உரிய கூலி' எவ்வளவு என்பதே. பன்னிரண்டாயிரம் என்று கையெழுத்துடன் ஒரு எஸ்டிமேட் இருந்திருந்தால், அதற்கு மேற்பட்ட தொகை அவர் ஒப்புக்கொள்ளாதது என்று காட்டியிருக்கலாம். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு எதைக் காட்டுவது?

எஸ்டிமேட்டில் பாகங்களின் விலையும் கூலியும் தனித்தனியாக இருக்க வேண்டும். மாற்றப்படும் பாகம் நிறுவனத்தின் அசல் தயாரிப்பா, வேறு தயாரிப்பா என்பது குறிக்கப்பட வேண்டும். 'இத்தொகைக்கு மேல் செலவாகும் எந்த வேலையையும் என்னிடம் கேட்டு ஒப்புதல் பெற்ற பின்பே செய்ய வேண்டும்' என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிடுங்கள். கைப்பேசிச் செய்தியாக அனுப்பிப் 'சரி' என்று பதில் பெற்றாலும் சான்றாகும். வண்டியை விடும்போது ஓடோமீட்டர், எரிபொருள் அளவு, நான்கு பக்கமும் வெளித்தோற்றம் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூல ஆவணங்களைக் காரில் விட்டுச் செல்லத் தேவையில்லை.

கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். புதிய பாகம் வந்த பெட்டியையும் கேளுங்கள். அதில் அதிகபட்ச விற்பனை விலையும் தயாரிப்பு மாதமும் அச்சிடப்பட்டிருக்கும். டயர் மாற்றினால் அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். இவற்றைக் கேட்டால் மெக்கானிக் மனம் புண்படுவாரோ என்று தயங்குவோர் உண்டு. நாங்கள் பணம் எண்ணிக் கொடுத்த பிறகு கவுண்டரிலேயே நின்று நீங்கள் மீண்டும் எண்ணிப் பார்க்கிறீர்கள். நாங்கள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

ரசீது சொல்லும் செய்தி

ரசீதில் ஜிஎஸ்டி இல்லை என்பதாலேயே ஒரு பட்டறையைச் சந்தேகிக்கக் கூடாது. ஆண்டு வருமானம் குறைவாக உள்ள சிறு பட்டறைகள் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவை வரி வசூலிக்கவும் கூடாது. ஆனால் பதிவு எண் இல்லாத தாளில் 'ஜிஎஸ்டி 18 விழுக்காடு' என்று ஒரு தொகை கூட்டப்பட்டிருந்தால், அத்தொகை அரசுக்குச் செல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பதிவு எண் 15 இடங்கள் கொண்டது. கேரளப் பதிவாயின் 32 என்றும் தமிழ்நாட்டுப் பதிவாயின் 33 என்றும் தொடங்கும். களியக்காவிளைக்கு இப்பால் இருக்கும் கடையின் ரசீதில் 33 என்று தொடங்கினால், ஏன் என்று கேட்கலாம். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணை இட்டு யாரும் சரிபார்க்க முடியும்.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்திற்கும் வரி 18 விழுக்காடாக ஆக்கப்பட்டுள்ளது. அதற்கு முன்பு பெரும்பாலான பாகங்களுக்கு 28 விழுக்காடு. பழுது நீக்கும் கூலிக்கும் 18 விழுக்காடே. இன்றைய ரசீதில் பாகங்களுக்கு 28 என்று கண்டால் பணம் செலுத்தும் முன் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

பணத்தை இயன்றவரை யுபிஐ வழியாகவோ கணக்கிலிருந்தோ செலுத்துங்கள். இது எங்கள் தொழில் ஆர்வத்தால் சொல்வதாகத் தோன்றலாம். ஆயினும் ஓராண்டு கழித்து உங்கள் கணக்கறிக்கையில் தேதியும் தொகையும் நின்று சாட்சி சொல்லும்.

'இன்சூரன்ஸில் போட்டுவிடலாம்' என்பவர்

பட்டறையின் நேர்மையை அளக்க எங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த அளவுகோல் இதுவே. மோதி நசுங்கிய வண்டியைப் பார்த்தவுடன், 'உங்களுக்குச் செலவே இல்லை, இன்சூரன்ஸில் போட்டுவிடலாம்' என்று சொல்லப்படுகிறது. கணக்கைப் பார்ப்போம்.

ஆறு ஆண்டு பழைய கார் என்று கொள்வோம். தேய்மானக் கழிவுக்கு விலக்கு தரும் கூடுதல் பாதுகாப்பு எடுக்கவில்லை. பம்பர் 6,000, உலோக ஃபெண்டர் 4,000, பெயின்ட் வேலை 6,000, டிங்கரிங் கூலி 2,000. வரி நீங்கலாக மொத்தம் 18,000 ரூபாய். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 விழுக்காடு கழிவு. எனவே பம்பருக்கு 3,000 கிடைக்கும். ஐந்து முதல் பத்தாண்டு பழைய வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 விழுக்காடு கழிவு, ஃபெண்டருக்கு 2,400. பெயின்ட் வேலையில் நான்கில் ஒரு பங்கைப் பொருள் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பர், 5,250 கிடைக்கும். கூலி முழுவதும் கிடைக்கும். ஆக 12,650. அதிலிருந்து 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கான கட்டாயக் கழிவு 1,000 போக, கைக்கு வருவது 11,650.

இனி மறுபக்கம். இவர் ஐந்து ஆண்டுகளாக எந்த உரிமைக்கோரலும் செய்யாததால் 50 விழுக்காடு போனஸ் பெற்று வருகிறார். சொந்தச் சேதத்திற்கான பிரீமியம் 9,000 எனில் 4,500 மட்டுமே கட்டுகிறார். இப்போது கோரினால் அடுத்த புதுப்பிப்பில் போனஸ் பூஜ்யமாகி, பின் ஆண்டுதோறும் 20, 25, 35, 45 என ஏறி மீண்டும் 50-ஐ அடையும். பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டால், அவர் கூடுதலாகக் கட்டுவது முறையே 4,500, 2,700, 2,250, 1,350, 450. மொத்தம் 11,250 ரூபாய். கிடைத்தது 11,650, இழந்தது 11,250. நானூறு ரூபாய்க்காக இத்தனை அலைச்சல்! இக்கணக்கைத் தானே போட்டுக் காட்டி, 'சொந்தப் பணத்தில் செய்துகொள்ளுங்கள்' என்று சொல்லும் பட்டறைக்காரரை நீங்கள் தயங்காமல் நம்பலாம்.

பெரும் சேதமாயின் நிலைமை வேறு. அப்போது காப்பீட்டு நிறுவனத்திற்கு உடனே தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் எந்தப் பாகத்தையும் கழற்ற விடாதீர்கள். பாலிசி இந்தியா முழுவதும் செல்லும். பணமில்லாச் சேவை தரும் பட்டறைகளின் பட்டியலை எல்லையின் இரு பக்கத்திற்கும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எங்களிடம் ஈடாக இருப்பின் கிளைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்; முழு இழப்பாகக் கணக்கிடப்பட்டால் இழப்பீட்டில் வங்கியின் நிலுவைக்கே முதலிடம்.

வெளியே காட்டினால் வாரண்டி போய்விடுமா?

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரை விட்டு வெளியே சென்றால் வாரண்டி முழுவதும் ரத்தாகும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. 2011-இல் சம்சேர் கட்டாரியா என்ற நுகர்வோர் மூன்று கார் நிறுவனங்கள் மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டார். விசாரணை பின்னர் 17 நிறுவனங்கள் வரை விரிந்தது. உதிரிபாகங்களும் பழுது நீக்கும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதவாறு தடுத்ததற்காக, 2014 ஆகஸ்ட் 25-இல் ஆணையம் ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறைக்குச் சென்ற ஒரே காரணத்திற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும், அங்கே நடந்த தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றும் அது கூறியது. ஆணையை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன. ஆகவே வாரண்டிக் காலத்தில் உள்ளவர்கள் தம் வாரண்டிக் கையேட்டின் நிபந்தனைகளைப் படித்த பின் முடிவெடுப்பதே பாதுகாப்பு. வாரண்டி முடிந்தவர்களுக்கு இந்த அச்சமே தேவையில்லை.

மறு மாநிலப் பட்டறை மீது முறையிட முடியுமா?

எங்கள் வாடிக்கையாளர் முதலில் கைவிட்டது இந்த இடத்தில்தான். பட்டறை தமிழ்நாட்டில், தாம் கேரளத்தில். வழக்கு என்றால் நாகர்கோவிலுக்கு அலைய வேண்டும் என்று எண்ணினார். பழைய சட்டத்தில் ஏறக்குறைய நிலைமை அதுவே. 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆவது பிரிவு, முறையிடுபவர் தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு அளிக்க வழி செய்துள்ளது. பாறசாலைக்காரர் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தையும், களியக்காவிளைக்காரர் கன்னியாகுமரி மாவட்ட ஆணையத்தையும் அணுகலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருப்பின் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ரசீது தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அச்சட்டம் வரையறுக்கிறது. வாடகைக் கார் ஆயிற்றே என்ற ஐயமும் அவருக்கு இருந்தது. சுயதொழிலாகத் தம் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துவோரையும் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது.

வழக்குக்கு முன்பே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். தகராறு இருக்கும்போது பணம் கட்டி வண்டியை மீட்க நேர்ந்தால், ரசீதிலேயே 'ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். மௌனமாகக் கட்டிய தொகையைப் பின்னர் கேட்பது கடினம்.

அவர் 1915-இல் பதிவு செய்தார். வெள்ளைத் தாளும், யுபிஐ வழியாக 31,500 சென்ற கணக்கறிக்கையும் மட்டுமே அவரிடம் இருந்தன. சில வாரங்களுக்குப் பின் பட்டறை, கேட்காமல் செய்த வேலைக்கான கூலி என்று 7,000 ரூபாயைத் திருப்பித் தந்தது. மீதியை நிரூபிக்க அவரிடம் தாள் இல்லை. தவறிய தவணை, 90 நாள் என்ற வாராக்கடன் வரம்பை எட்டும் முன்பே கட்டப்பட்டுவிட்டது. வண்டி இப்போது ஓடுகிறது. சங்கிலி இன்னும் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கட்டி வருகிறார்.